பந்தயக் கார் வடிவமைப்பில் காற்றுச் சுரங்கச் சோதனை

காற்றுச் சுரங்கச் சோதனை என்பது, ஒரு பொருளை அசையாமல் நிறுத்தி அதன் மீது அளவிட்ட வேகத்தில் காற்றைச் செலுத்தி, காற்று அப்பொருளின் மீது செலுத்தும் விசைகளை அளக்கும் முறையாகும். விமானங்களுக்காக உருவான இம்முறை, 1960களின் பிற்பகுதியில் பந்தயக் கார்களில் இறக்கைகள் பொருத்தப்பட்ட பிறகு கார் வடிவமைப்பிலும் முதன்மையான இடத்தைப் பெற்றது. இன்று பார்முலா 1 அணிகள் காரின் பல பகுதிகளைத் தடத்தில் ஓட்டுவதற்கு முன் சுரங்கத்தில் சோதித்துப் பார்க்கின்றன.

சுரங்கத்தில் கிடைக்கும் எண் தடத்தில் அப்படியே கிடைக்குமா என்பதுதான் இத்துறையின் மையக் கேள்வி. சென்னையின் கடல்மட்டக் காற்றையும் பழனி மலையில் உள்ள கொடைக்கானலின் மெல்லிய காற்றையும் ஒப்பிட்டால் இக்கேள்வி எளிதாக விளங்கும். இக்கட்டுரை சுரங்கத்தின் அமைப்பு, அளவீட்டு முறை, அதன் எல்லைகள், இந்தியாவில் உள்ள வசதிகள் ஆகியவற்றை விளக்குகிறது.

கீழ்நோக்கு விசையும் இழுவையும்

ஓடும் காரின் மீது காற்று இரண்டு முக்கிய விசைகளைச் செலுத்துகிறது. காரைப் பின்னோக்கி இழுப்பது இழுவை. காரைத் தரையை நோக்கி அழுத்துவது கீழ்நோக்கு விசை. விமானத்தின் இறக்கை மேல்நோக்கித் தூக்கும். பந்தயக் காரின் இறக்கை அதையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போன்றது.

வளைவில் காரைத் தடத்தில் பிடித்து வைப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. டயர் மீது அழுத்தம் கூடினால் பிடிப்பும் கூடும். காரின் எடையைக் கூட்டினாலும் அழுத்தம் கூடும். ஆனால் கனமான காரைத் திருப்பவும் நிறுத்தவும் அதிக விசை வேண்டும். காற்று தரும் அழுத்தத்தில் இந்தக் குறை இல்லை. எடையைக் கூட்டாமலேயே பிடிப்பைக் கூட்டுவதால், அதே வளைவை அதிக வேகத்தில் கடக்க முடிகிறது.

இவ்விசைகள் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் விசையில் 25இல் ஒரு பங்குதான் 40 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் காரின் பின்புற இறக்கை பெயரளவில்தான் பயன்படும் என்பதற்கு இதுவே காரணம்.

சுரங்கத்தின் அமைப்பு

காற்றுச் சுரங்கத்தில் பெரிய மின்விசிறி ஒன்று காற்றை நகர்த்துகிறது. சுழன்று வரும் காற்றை, தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட தடுப்பும் வலைத்திரைகளும் நேராக்குகின்றன. பிறகு காற்று அகன்ற பகுதியிலிருந்து குறுகிய பகுதிக்குள் நுழைகிறது. ஒரே அளவு காற்று குறுகிய வழியே செல்ல வேண்டியிருப்பதால் அதன் வேகம் கூடுகிறது. வேகம் கூடிய இந்தப் பகுதியே சோதனைப் பகுதி. அதைக் கடந்த காற்று, மெல்ல விரியும் குழாய் வழியே வேகம் குறைந்து வெளியேறும் அல்லது மீண்டும் விசிறிக்கே திரும்பும்.

இதே விளைவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணலாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. ஆனைமலையின் கிழக்கு நீட்சியான பழனி மலையின் வடக்கே, உடுமலைப்பேட்டை, பல்லடம் பகுதிச் சமவெளிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பது இதனால்தான். ஆனால் கணவாய்க் காற்று சுழலும், வீச்சு மாறும். சுரங்கக் காற்று எப்போதும் ஒரே சீராக இருக்க வேண்டும். அந்தச் சீர்மையை உண்டாக்கவே தேன்கூடும் திரைகளும் தேவைப்படுகின்றன.

சோதனைப் பகுதியில் காரின் மாதிரி, மேலிருந்து இறங்கும் தண்டு ஒன்றில் தொங்கவிடப்படும். தண்டோடு இணைந்த விசைத் தராசு, கீழ்நோக்கு விசை, இழுவை, பக்க விசை ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கும். மாதிரியின் மேற்பரப்பில் உள்ள நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வழியே அழுத்தமும் அளக்கப்படும்.

நகரும் தரை

கார் சுரங்கத்தை விமானச் சுரங்கத்திலிருந்து வேறுபடுத்துவது நகரும் தரை. உண்மையில் கார் ஓடுகிறது. காற்றும் தரையும் நிலையாக இருக்கின்றன. சுரங்கத்தில் கார் நிற்கிறது; காற்று ஓடுகிறது. தரையும் நின்றுவிட்டால், தரையை ஒட்டிய காற்று உராய்வால் வேகம் குறைந்து ஒரு தடித்த படலமாகத் தேங்கும். இதற்கு எல்லைப் படலம் என்று பெயர். காருக்கும் தரைக்கும் இடையே சில செ.மீ. இடைவெளியே இருப்பதால், இந்தப் படலம் அளவீட்டையே கெடுத்துவிடும். ஆகவே மாதிரியின் கீழே, காற்றின் அதே வேகத்தில் ஓடும் அகன்ற பட்டை ஒன்று அமைக்கப்படுகிறது. மாதிரியின் சக்கரங்களும் அதன் மேல் சுழலும்.

நகரும் தரையின் பயனுக்கு லோட்டஸ் அணியின் வரலாறு நல்ல சான்று. 1970களின் நடுப்பகுதியில், பீட்டர் ரைட் உள்ளிட்ட அதன் பொறியாளர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நகரும் தரை கொண்ட சுரங்கத்தில் சிறு மாதிரி ஒன்றைச் சோதித்தனர். மாதிரியின் பக்கப் பகுதிகள் காற்றழுத்தத்தால் தொய்ந்து தரையை நெருங்கியபோது கீழ்நோக்கு விசை எதிர்பாராமல் கூடியது. காரணத்தைத் தேடியவர்கள், பக்கங்களில் அட்டையை ஒட்டி இடைவெளியை அடைத்துப் பார்த்தனர். விசை மேலும் பெருகியது. காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே குறுகும் வழியில் காற்று வேகமெடுக்க, அங்கே அழுத்தம் குறைந்து கார் கீழே உறிஞ்சப்பட்டது. இதுவே தரை விளைவு. இக்கண்டுபிடிப்பின் அடிப்படையில் 1977இல் லோட்டஸ் 78 காரும், அடுத்த ஆண்டு உலகப் பட்டம் வென்ற லோட்டஸ் 79 காரும் உருவாயின. தரை நின்றிருந்தால் இந்த விளைவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

மாதிரியின் அளவும் ரெனால்ட்ஸ் எண்ணும்

பெரும்பாலான சோதனைகள் சிறிதாக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டே நடைபெறுகின்றன. பார்முலா 1 விதிகள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அளவுள்ள மாதிரியையும், வினாடிக்கு 50 மீட்டருக்கு, அதாவது மணிக்கு 180 கி.மீ.க்கு மேற்பட்ட காற்று வேகத்தையும் அனுமதிப்பதில்லை.

சிறிய மாதிரியைச் சுற்றிக் காற்று பாயும் விதம் பெரிய காரைச் சுற்றிப் பாயும் விதத்தை ஒத்திருக்க வேண்டுமானால், இரண்டின் ரெனால்ட்ஸ் எண்ணும் சமமாக இருக்க வேண்டும். காற்றின் அடர்த்தி, வேகம், பொருளின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கி, காற்றின் பாகுநிலையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். நீளம் குறைந்தால் வேகத்தைக் கூட்டி ஈடுசெய்யலாம் என்பது இதன் பொருள்.

விதிகளின் உச்ச வரம்பில் கணக்கிட்டால், 60 விழுக்காடு அளவுள்ள மாதிரியின் மீது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, முழு அளவுக் கார் வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்குச் சமம். ஆனால் கார் தடத்தில் 300 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. எல்லைப் படலம் எந்த இடத்தில் மேற்பரப்பை விட்டுப் பிரிகிறது என்பது இந்த எண்ணைப் பொறுத்து மாறக்கூடும் என்பதால், சுரங்க முடிவுகளைத் தடத்துக்கு மாற்றும்போது பொறியாளர்கள் எச்சரிக்கையாக இருக்கின்றனர்.

விசையா, குணகமா? கொடைக்கானல் கணக்கு

சுரங்கத்தின் தராசு காட்டுவது விசை. ஆனால் பொறியாளர் குறித்துக்கொள்வது குணகம். காற்றியக்க விசையைப் பின்வருமாறு எழுதலாம்:

விசை = ½ × காற்றின் அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × பரப்பு × குணகம்

வேகமும் அடர்த்தியும் அன்றைய சூழலைச் சார்ந்தவை. பரப்பும் குணகமும் காரைச் சார்ந்தவை. சென்னையில் ஒரு சுரங்கமும் கொடைக்கானலில் ஒரு சுரங்கமும் இருந்து, ஒரே மாதிரியை ஒரே வேகத்தில் சோதித்தால் இரண்டு தராசுகளும் வெவ்வேறு விசைகளைக் காட்டும். ஆனால் குணகம் ஏறத்தாழ ஒன்றாகவே கிடைக்கும். இதனால்தான் ஒவ்வொரு சோதனையின்போதும் சுரங்கத்தின் வெப்பநிலையும் காற்றழுத்தமும் பதிவு செய்யப்படுகின்றன.

கொடைக்கானல் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1899இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் அதைவிட உயரத்தில், சுமார் 2,340 மீட்டரில் அமைந்துள்ளது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, அடர்த்தியும் குறைகிறது. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தி மிக்கது என்பதால் மலையின் குளிர் இக்குறைவில் ஒரு பகுதியை மட்டும் ஈடுசெய்கிறது.

பரப்பையும் கீழ்நோக்கு விசைக் குணகத்தையும் பெருக்கிய மதிப்பு 2 சதுர மீட்டர் உள்ள ஒரு காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடினால் கிடைக்கும் விசை, பொதுவான வெப்பநிலைகளில், தோராயமாக இவ்வாறு அமையும்:

சென்னை (கடல்மட்டம், 30 பாகை செல்சியஸ்): அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ, விசை சுமார் 3,580 நியூட்டன், அதாவது 365 கிலோ எடைக்குச் சமம்.
கோயம்புத்தூர் (சுமார் 400 மீட்டர், 30 பாகை): அடர்த்தி 1.11 கிலோ, விசை சுமார் 3,430 நியூட்டன், அதாவது 349 கிலோ.
கொடைக்கானல் (சுமார் 2,130 மீட்டர், 17 பாகை): அடர்த்தி 0.95 கிலோ, விசை சுமார் 2,930 நியூட்டன், அதாவது 299 கிலோ.

சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே 66 கிலோ வேறுபாடு. அதாவது வளர்ந்த ஒரு மனிதரின் எடை அளவுக்கு அழுத்தம் குறைந்துவிடுகிறது. காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, குணகமும் மாறவில்லை. மாறியது காற்று மட்டுமே. இழந்த அழுத்தத்தைத் திரும்பப் பெற அதே கார் கொடைக்கானலில் மணிக்கு 221 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். வளைவில் அது இயலாது. ஏனெனில் அந்த வேகத்தில் வளைவதற்கு இன்னும் அதிகப் பிடிப்பு தேவைப்படும்.

பழனி மலையில் பந்தயத் தடம் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு வெறும் கற்பனையும் அல்ல. மெக்சிகோ நகரின் பார்முலா 1 தடம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், கொடைக்கானல் நகருக்கும் அதன் ஆய்வகத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே அணிகள் மொனாக்கோவின் குறுகிய தெருக்களுக்கு உரிய பெரிய இறக்கைகளைப் பொருத்துகின்றன. ஆனால் கிடைக்கும் கீழ்நோக்கு விசையோ, சிறிய இறக்கைகளோடு ஓடும் இத்தாலியின் மோன்சா தடத்தில் கிடைப்பதை ஒத்திருக்கிறது. இழுவையும் குறைவதால் நேர்பாதையில் கார் மிக வேகமாகப் பாய்கிறது. மெல்லிய காற்று எஞ்சினையும் பிரேக்கையும் போதிய அளவு குளிர்விப்பதில்லை என்பதால் காரின் உடலில் கூடுதல் திறப்புகளும் விடப்படுகின்றன.

அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் இதைவிடக் கடினமானது. அது 2,862 மீட்டரில் தொடங்கி 4,302 மீட்டரில் முடிகிறது. 2018இல் அங்கே 7 நிமிடம் 57.148 வினாடியில் சாதனை படைத்த ஃபோக்ஸ்வாகன் மின்சாரக் காரின் மிகப்பெரிய பின்இறக்கை, மெல்லிய காற்றை ஈடுசெய்யவே அமைக்கப்பட்டது.

சுரங்கமும் தடமும் முரண்படும்போது

சுரங்கம் காட்டிய எண்ணும் தடத்தில் அளந்த எண்ணும் ஒத்துப்போவதை ஒத்திசைவு என்கின்றனர். இதைச் சரிபார்க்க, சோதனை ஓட்டங்களில் காரின் மீது பிட்டோட் குழாய்கள் நிறைந்த பெரிய சட்டங்களைப் பொருத்திக் காற்றின் வேகத்தை அளக்கின்றனர். ஒளிரும் வண்ணக் கலவையைப் பூசி, காற்று அதை இழுத்துச் சென்ற தடங்களைப் படம் எடுக்கின்றனர். தொங்கு அமைப்பில் உள்ள உணரிகள் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் சுமையைப் பதிவு செய்கின்றன.

ஒத்திசைவு குலைந்தால் பெரும் பொருளும் காலமும் வீணாகும். 2012இல் பெராரி அணி தன் சுரங்கத்தின் முடிவுகள் தடத்தோடு பொருந்தாததால் அதை மேம்பாட்டுக்காக மூடி, ஜெர்மனியின் கோலோன் நகரில் உள்ள டொயோட்டா சுரங்கத்தைப் பயன்படுத்த முடிவு செய்தது. சுரங்கமே வேண்டாம் என்ற முயற்சியும் நடந்தது. 2010இல் வர்ஜின் அணி தன் காரை முழுவதும் கணினிப் பாய்ம இயக்கவியல் மூலமே வடிவமைத்தது. பந்தயங்களில் அக்கார் பின்வரிசையிலேயே தங்கியது. மறு ஆண்டே அணி அம்முறையைக் கைவிட்டது. இன்று இரண்டு முறைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கப் பயன்படுகின்றன.

2022இல் தரை விளைவுக் கார்கள் மீண்டும் வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நேர்பாதையில் கார்கள் ஓங்கிலைப் போல எழுந்து அமிழ்ந்து துள்ளின. காற்று காரைக் கீழே உறிஞ்ச, இடைவெளி மிகக் குறைந்ததும் பாய்வு தடைபட்டுக் கார் மேலெழும்பி, மீண்டும் உறிஞ்சப்பட்டது. இது அதிவேகத்தில், காரின் தொங்கு அமைப்பும் டயரும் சேர்ந்து ஆடும்போது எழும் நிகழ்வு. தண்டில் பிடித்து வைத்த, 180 கி.மீ.க்கு மேல் காற்றைச் சந்திக்காத மாதிரியில் இது வெளிப்படவில்லை. மெர்சிடிஸ் போன்ற வலிமையான அணியே அந்த ஆண்டு பெரும்பகுதியை இதைச் சரிசெய்வதில் கழித்தது. ஓட்டுநர்களின் முதுகுவலி காரணமாக, துள்ளலுக்கு வரம்பு விதிக்கும் நிலையும் உருவானது.

சோதனை நேரக் கட்டுப்பாடு

சுரங்கத்தை இயக்கப் பெரும் செலவாகும். பணக்கார அணிகள் இரவும் பகலும் சோதித்து முன்னேறுவதைத் தடுக்க, பன்னாட்டுத் தானுந்து கூட்டமைப்பு வரம்புகளை விதித்துள்ளது. 2022 முதல் 2025 வரையிலான விதிகளின்படி ஆண்டு ஆறு காலப்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் அடிப்படை அளவு 320 சோதனை ஓட்டங்கள். தரவரிசையில் முதலிடம் பெற்ற அணிக்கு இதில் 70 விழுக்காடு, அதாவது 224 ஓட்டங்கள் மட்டுமே. அடுத்தடுத்த இடங்களுக்கு ஐந்து ஐந்து விழுக்காடாகக் கூடி, பத்தாம் இடத்துக்கு 115 விழுக்காடு, அதாவது 368 ஓட்டங்கள் கிடைத்தன. வென்றவருக்குக் குறைவாகவும் தோற்றவருக்கு அதிகமாகவும் வழங்கி இடைவெளியைக் குறைப்பதே இதன் நோக்கம்.

சுரங்க நேரம் தண்டனையாகவும் பயன்படுகிறது. 2021ஆம் ஆண்டுச் செலவு வரம்பை மீறிய ரெட் புல் அணிக்கு 70 லட்சம் டாலர் அபராதத்தோடு, சோதனை அளவில் 10 விழுக்காடு குறைப்பும் விதிக்கப்பட்டது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தமிழ்நாட்டில் கார் பந்தயத்துக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவிலான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் விபத்தில் இறந்த அவரது பெயரையே செட்டிபாளையத்தில் உள்ள கரி தடம் தாங்கி நிற்கிறது.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, பார்முலா 1இல் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2010இல் எச்.ஆர்.டி. அணியில் அறிமுகமான சென்னையின் கருண் சந்தோக், சோதனை ஓட்டம் எதுவுமின்றி பஹ்ரைன் தகுதிச் சுற்றில்தான் தன் காரை முதன்முதலாக ஓட்டினார். வடிவமைப்பில் கிடைத்த எண்களைத் தடத்தில் சரிபார்க்க வாய்ப்பில்லாத சிறிய அணிகளின் நிலைக்கு இது எடுத்துக்காட்டு.

இந்தியாவின் பெரிய காற்றுச் சுரங்கங்கள் பெரும்பாலும் வேறு தேவைகளுக்காகக் கட்டப்பட்டவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திறந்தவகைச் சுரங்கமும், அந்நகரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் உள்ள 1.2 மீட்டர் சுரங்கமும், கான்பூர் ஐ.ஐ.டி.யின் தேசிய காற்றுச் சுரங்க மையமும் முதன்மையாக விமானம், ஏவுகலன் ஆய்வுகளுக்கு உதவுகின்றன. சென்னை தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையச் சுரங்கத்தில் கோபுரம், புகைபோக்கி, உயர்ந்த கட்டடம் போன்றவற்றின் மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. மேலும், இந்தியப் பந்தயங்களில் பெரும்பாலும் எல்லாரும் ஒரே வகைக் காரையே ஓட்டுவதால், அணிகள் தாமாக இறக்கையை மாற்றியமைக்க இடமில்லை.

மாணவர் கார்களும் கல்லூரிச் சுரங்கமும்

வடிவமைப்புக்கு இடம் தருவது மாணவர் போட்டி. கரி தடத்தில் நடைபெறும் பார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கார்களை வடிவமைத்துக் கட்டிக்கொண்டு வருகின்றனர். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கல்லூரியின் சிறிய சுரங்கமே. அதன் எல்லைகளை ஒரு கணக்கால் அறியலாம்.

சோதனைப் பகுதி 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்டது எனக் கொள்வோம். மாதிரி காற்றின் வழியை அடைத்துவிடாதிருக்க, அதன் முகப்புப் பரப்பு சோதனைப் பகுதியின் பரப்பில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 0.36 சதுர மீட்டரில் 5 விழுக்காடு 0.018 சதுர மீட்டர். காரின் முகப்புப் பரப்பு ஏறத்தாழ 1 சதுர மீட்டர் என்றால், மாதிரி உண்மை நீளத்தில் ஏழரையில் ஒரு பங்குதான் இருக்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் காரின் ரெனால்ட்ஸ் எண்ணைப் பெற, சுரங்கத்தில் 450 கி.மீ. வேகம் வேண்டும். கல்லூரிச் சுரங்கத்தில் அது கிடைக்காது. கிடைத்தாலும் ஒலியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுவதால், காற்று அமுங்கும் தன்மை புதிய பிழைகளைக் கொண்டுவரும்.

ஆகவே இத்தகைய சுரங்கத்தில் காரின் துல்லியமான விசையைத் தேடுவதைவிட, இரண்டு இறக்கைகளில் எது மேல் என்று ஒப்பிடுவது பொருத்தம். மேற்பரப்பில் சிறு கம்பளி நூல்களை ஒட்டினால், காற்று எங்கே பிரிகிறது என்பதை நூல்களின் துடிப்பே காட்டிவிடும். ஓரிரண்டு வேகங்களில் சோதித்துக் குணகம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். மாறினால் ரெனால்ட்ஸ் எண்ணின் விளைவு இருக்கிறது என்று பொருள். கடைசியாக, அன்றைய காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, விசையாக அல்லாமல் குணகமாக முடிவைப் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்த எண்ணை மட்டுமே கோயம்புத்தூரின் தடத்துக்கும் கொடைக்கானலின் உயரத்துக்கும் எடுத்துச் சென்று, அந்தந்த இடத்தின் காற்றுக்கு ஏற்ப விசையைக் கணக்கிட முடியும்.